மரியாடிபி: சூடோ போட்டால் திறக்கிறது, இல்லாவிட்டால் பிழை 2002 (13)

மண்டபம் கணக்கர்:
வணக்கம். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நண்டு, கணவாய், இறால் எடையெல்லாம் படகு வாரியாக மரியாடிபி என்ற டேட்டாபேஸில் ஏற்றுவோம். உப்புக்காற்றில் பழைய ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க்கில் ஃபெடோரா லினக்ஸ் போட்டு, பேக்கப்பில் இருந்த டேட்டா ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது டெர்மினலில் ‘மைஸ்க்யூஎல்’ என்று அடித்தால், ‘/வார்/லிப்/மைஸ்க்யூஎல்/மைஸ்க்யூஎல்.சாக்’ வழியாக இணைய முடியவில்லை, (13) என்று வருகிறது. சூடோவோடு, அதாவது ரூட் என்ற தலைமை யூசரின் உரிமையோடு, அடித்தால் உள்ளே போகிறது. ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அதற்குள் எடை எழுதும் பையன்கள் அவரவர் லாகினிலேயே பதிய வேண்டும். எல்லாருக்கும் சூடோ கொடுக்க மனசு வரவில்லை.

தொண்டி:
ஃபோல்டர் முழுக்க ‘சிஎச்மாட் -ஆர் 777’ போட்டு எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துடுங்க, சரியாகிடும்.

கீழக்கரை:
தம்பி, 777 வேண்டவே வேண்டாம். அந்த மெஷினில் லாகின் உள்ள யாரும் கணக்கையே அழித்துவிடலாம். எல்லாரும் எழுதும்படி திறந்து கிடக்கும் மை.சிஎன்எஃப் என்ற செட்டிங்ஸ் கோப்பை மரியாடிபி படிக்காமலே ஒதுக்கிவிடும், அதுவும் தெரிந்திருக்கட்டும்.

முதலில் அந்த 13-ஐப் பாருங்கள். அந்த இடத்தில் 2 என்றால் சாக்கெட் கோப்பே (சர்வரோடு பேசும் வாசலான அந்த ‘.சாக்’) இல்லை, பெரும்பாலும் சர்வர் ஓடவில்லை. 13 என்றால் லினக்ஸே வழிமறிக்கிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வரைக்கும் நீங்கள் போகவே இல்லை. ஐஸ் அறைச் சாவி கையில் இருந்தும் வெளி கேட் பூட்டிக் கிடக்கிற மாதிரி. சாக்கெட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய எக்ஸ் அனுமதி வேண்டும். ரூட்டுக்கு இந்தத் தடை கிடையாது, அதனால்தான் சூடோவில் திறக்கிறது. ‘எல்எஸ் -எல்டி /வார்/லிப்/மைஸ்க்யூஎல்’ அடித்து, வருவதை அப்படியே இங்கே போடுங்கள்.

மண்டபம் கணக்கர்:
டி, ஆர், டபிள்யூ, எக்ஸ், அப்புறம் ஆறு கோடு, கடைசியில் ஒரு புள்ளி. ஓனர், குரூப் இரண்டும் மைஸ்க்யூஎல்.

கீழக்கரை:
அதேதான், 700, ஓனருக்கு மட்டும் அனுமதி. பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்தபோது இப்படி ஆகியிருக்கும். புள்ளி எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் அடையாளம், அது இருக்கட்டும். ‘சூடோ சிஎச்மாட் 755 /வார்/லிப்/மைஸ்க்யூஎல்’ போதும், எல்லாரும் நுழையலாம், எழுதுவது ஓனர் மட்டும். -ஆர் சேர்க்காதீர்கள், உள்ளே இருக்கும் கோப்புகளைத் தொடவே கூடாது.

மண்டபம் கணக்கர்:
13 போய்விட்டது காக்கா! இப்போது 1045, அனுமதி மறுப்பு, ‘யூசிங் பாஸ்வேர்டு: நோ’ என்கிறது.

கீழக்கரை:
நல்லது, இப்போது பேசுவது டேட்டாபேஸ். பெயர் கொடுக்காததால் உங்கள் லினக்ஸ் லாகின் பெயரையே எடுத்துக்கொண்டது. ‘நோ’ என்றால் பாஸ்வேர்டே போகவில்லை. ‘மைஸ்க்யூஎல் -யு பெயர் -பி’ என்று அடியுங்கள், பாஸ்வேர்டு கேட்கும். பையன்களுக்கு ஆளுக்கொரு யூசர் உருவாக்கி, எடை டேபிளுக்கு மட்டும் செலக்ட் (பார்க்க), இன்சர்ட் (சேர்க்க) உரிமை கொடுங்கள். டெலீட் உங்களிடமே இருக்கட்டும்.

மண்டபம் கணக்கர்:
-யு, -பி கொடுத்ததும் திறந்துவிட்டது. யூசர்களை இன்று ராத்திரியே உருவாக்கிவிடுகிறேன். ரொம்ப நன்றி காக்கா.