பதினான்கு பேருக்கு ஒரு மதிப்பெண் போதுமா?

நிலாவெளி மேற்பார்வையாளர்:
நான் இலங்கையில், திருகோணமலைப் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரை விடுதியின் அறைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் கைபேசிகளுக்கு ஒரு வினாக்கொத்து வந்தது. அதில் ஒரு கேள்வி: இங்கே வேலைக்குச் சேருமாறு நண்பருக்குச் சொல்வீர்களா, 0 முதல் 10 வரை ஓர் எண் தருக. 9, 10 இட்டவர்கள் ஆதரவாளர். 6 அல்லது அதற்குக் கீழே இட்டவர்கள் அதிருப்தியாளர். முதலாமவரின் விழுக்காட்டிலிருந்து இரண்டாமவரின் விழுக்காட்டைக் கழித்தால் மதிப்பெண். எங்கள் 14 பேரில் ஆதரவாளர் நால்வர், அதிருப்தியாளர் ஐவர். எனவே மதிப்பெண் மறை 7 (-7). அடுத்த முறை அதிருப்தியாளர் நால்வராகக் குறைந்ததால் அது பூச்சியமாகியது. யாரோ ஒருவர் 6க்குப் பதிலாக 7 இட்டிருந்தாலே போதும். அதற்கு முன்னேற்றம் என்று பாராட்டுக் கடிதம் வந்தது. மே முதல் செப்டெம்பர் வரை, விருந்தினர் நிறைந்திருக்கும் காலத்தில், மறுநாள் பணி அட்டவணை முந்திய இரவுதான் வருகிறது என்பது மட்டும் மாறவேயில்லை.

உப்புவெளி மனிதவள அலுவலர்:
நீங்கள் காட்டும் குறை அந்த அளவுகோலின் குறை, அளப்பதன் குறையன்று. வாடிக்கையாளரை அளப்பதற்காக அமெரிக்க முகாமைத்துவ ஆலோசகர் பிரெட் ரைக்ஹெல்ட் 2003இல் முன்வைத்த கேள்வியைத்தான் பின்னர் ஊழியரிடமும் கேட்கத் தொடங்கினார்கள். சிறு பிரிவுக்கு அது பொருந்தாது. ஆனால் கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் ஊழியரிடம் கேட்கும் 12 கேள்விகளைப் பாருங்கள்: என்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா, வேலைக்கு வேண்டிய பொருள்கள் என்னிடம் உள்ளனவா என்று அவை தொடங்குகின்றன. ‘இல்லை’ என்று விடை வந்தால், அடுத்து செய்ய வேண்டியதும் அதிலேயே தெரிகிறது. கொழும்பில் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களிடம் வெறும் மனக்குறையாகச் சொன்னபோது நடக்காதது, ஆறு மாதத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்று எழுதிக் காட்டியபோது நடந்ததை நான் என் பணியிலேயே கண்டிருக்கிறேன்.

நிலாவெளி மேற்பார்வையாளர்:
மேடம், விலகியவர்களை எண்ணுவதை நான் மறுக்கவில்லை. எங்களிடம் வந்த வினாக்கொத்து பெயர் கேட்கவில்லைதான். ஆனால் பிரிவு, பால், தாய்மொழி ஆகிய மூன்றையும் கேட்டது. பதினான்கு பேருக்குள் அந்த மூன்றும் தெரிந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ‘நீங்கள் வலுவூட்டப்பட்டதாக உணர்கிறீர்களா’ என்ற வரியை வாசித்துவிட்டு, குச்சவெளியிலிருந்து வரும் அக்கா ஒருவர் இது சம்பளத்தைப் பற்றியதா என்று என்னிடம் கேட்டார். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதே எங்கள் பிரிவில் முதற்கேள்வி. அது அந்த வினாக்கொத்தில் இல்லை. அமெரிக்காவின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 20,000க்கு மேற்பட்ட தொழிலாளரைச் செவ்வி கண்டவர்கள், முன்கூட்டியே வகுத்த கேள்விகளைக் கைவிட்டு, தொழிலாளர் தாம் விரும்பியதைப் பேச விட்டார்கள். எங்களிடம் ஏன் அப்படி ஒருவரும் வந்து உட்காரவில்லை?

கிண்ணியாச் சமையலறை ஊழியர்:
எனக்கு இரவுப் பணி முடியும்போது பேருந்து இல்லை. முகாமையாளரிடம் இரண்டு தடவை வாயால் சொன்னேன். அவர் கேட்டார், மறந்தார். எழுத்தில் ஒரு கணக்கு இருந்திருந்தால் மறந்திருக்க முடியாது. ஆகையால் மேடம் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு.

உப்புவெளி மனிதவள அலுவலர்:
ஆள் அடையாளம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், தம்பி. ஐந்து பேருக்குக் குறைந்த குழுவின் விடைகளைத் தனியே காட்டக்கூடாது என்று பல இடங்களில் வைத்திருக்கும் விதி உங்கள் விடுதியிலும் இருந்திருக்க வேண்டும். இருந்தாலும் பேச்சை மட்டும் நம்பினால், முகாமையாளர் முன்னிலையில் துணிந்து பேசுபவரின் குறை மட்டுமே பதிவாகும். அட்டவணை எத்தனை நாள் முன்பு வெளியாகிறது, வெளியான பின் எத்தனை தடவை மாற்றப்படுகிறது ஆகிய இரண்டையும் யாரிடமும் கேள்வி கேட்காமலே அளக்கலாமே.

நிலாவெளி மேற்பார்வையாளர்:
அந்த இரண்டையும் வருகிற மே முதலாந் திகதியிலிருந்து என் குறிப்பேட்டில் எழுதி, மாத முடிவில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். தாய்மொழியையும் பாலையும் கேட்கும் அந்த வினாக்கொத்து மறுபடியும் வந்தால், அதை நிரப்புமாறு என் பிரிவில் ஒருவரிடமும் சொல்லமாட்டேன்.