1972 எம்ஜிபி ஜிடியா, மூன்று வயது ஆக்டேவியாவா?

ரகு_லெஸ்டர்:
மகளுக்கு இரண்டு வயது. வீட்டில் ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட் (டிக்கி நீளமான குடும்பக் கார்) என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதற்குள் பக்கத்துத் தெருவில் 1972 எம்ஜிபி ஜிடி, அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஒன்று விலைக்கு வந்து என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கரும்பச்சை, கம்பிச் சக்கரம். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். இங்கே இங்கிலாந்தில் 40 வயது தாண்டிய கார் என்பதால் சாலை வரி கிடையாது, எம்ஓடி என்கிற வருடாந்திர வாகனச் சோதனையும் கட்டாயமில்லை, பின்னால் சீட் வேறு இருக்கிறது என்று மனைவியிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன். இதை ஒரே காராக வைத்து ஓட்டுபவர்கள் யாராவது உண்டா?

பழைய_ஸ்பேனர்:
11 வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: ஒரே கார் என்றால் வேண்டாம். பின்னால் இருப்பது சீட் இல்லை, மெத்தை ஒட்டிய பலகை. குழந்தை இருக்கையைக் கட்ட அந்த வருடக் கார்களில் பின்பக்க பெல்ட்டே வரவில்லை. வேகத்தைப் பேசவே வேண்டாம். 1,798 சிசியில் 95 குதிரைத்திறன், 60 மைல் வேகம் தொட 12, 13 விநாடி ஆகும், ஆக்டேவியாவின் 1.5 லிட்டர் பெட்ரோலோ 150 குதிரைத்திறன், சிக்னலில் உங்களை விட்டுவிட்டுப் போயே போய்விடும். ஆனால் கிராமத்துச் சாலையில் 40 மைலில் போகும்போது ஸ்டீயரிங்கில் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும் பாருங்கள், அது ஆக்டேவியாவில் 70-இலும் கிடைக்காது.

கோவை_மணி:
இந்த எஞ்சின் நமக்கு அந்நியமா என்ன? நம் அம்பாசடரில் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி செய்த இதே பி-சீரிஸ்தான், இது அதற்குப் பெரிய அண்ணன். அப்பாவின் டாக்ஸிக்கு ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து டேப்பெட் (வால்வு இடைவெளி) செட் செய்தவன் நான், பள்ளிக்கூடம் போகும் வயதில். எஞ்சினுக்குப் பயப்படாதீர்கள். பெட்ரோல்தான் கவனம். அங்கே 2021-இலிருந்து சாதாரண பெட்ரோல் இ10 (10% வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது, பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது, எத்தனால் குறைவான இ5 போடுங்கள்.

சுமதி_பர்மிங்காம்:
எஞ்சினை விடுங்கள், துருவைப் பாருங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் சில்தான் இந்த வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே தகடு இல்லை, ஓட்டையை மறைக்க ஃபில்லர் பசையைப் பூசி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எம்ஓடி இல்லை என்று சந்தோஷப்படுகிறீர்கள் ரகு, அடிப்பக்கத்தை வருடம் ஒருமுறை யாரும் பார்க்கவில்லை என்றும் அதற்கு அர்த்தம் உண்டு.

ரகு_லெஸ்டர்:
காந்தத்தோடு போய் வந்தேன். டிரைவர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவே இல்லை, பொத்தென்று கீழே விழுந்தது. "பெயிண்ட் கொஞ்சம் தடிமன்" என்றார் விற்பவர். சரி என்று ஆக்டேவியாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மகள் அதன் டிக்கியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள். ஸ்பேனர் அண்ணா, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியில் ஒரு ரவுண்டு கிடைக்குமா?