துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டலாமா?

கேள்வி: கோவையில் இருக்கும் மகள்

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆகஸ்ட் மாதம் என் அம்மா காலமானார். நாகர்கோவிலுக்கு அருகே உள்ள எங்கள் வீட்டில் 76 வயதான அப்பா இப்போது தனியாக இருக்கிறார். டிசம்பர் பிறந்ததும் வீட்டு முன் மாமரத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏற்றுவது அவருடைய வேலை. அது கோணலாகத் தொங்குகிறது என்று கீழே நின்று குறை சொல்வது அம்மாவின் வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இது மாறியதில்லை.

இந்த ஆண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. வருஷம் திரும்புகிற வரை ஸ்டார் கட்டக் கூடாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது, புதுத் துணி எடுக்கக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் போதகரோ, சபையில் அப்படி ஒரு சட்டமும் இல்லை, உங்கள் மனம் போலச் செய்யுங்கள் என்கிறார். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டால், "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்று சொல்லிவிட்டு, மழை பெய்கிறதா என்று கேட்கிறார்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். எனக்குக் கிறிஸ்துமஸ் வேண்டியிருக்கிறது. சென்ற வாரம் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பிளம் கேக்கின் வாசனையும், பின்னணியில் ஓடிய பாட்டும், பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களுமாக ஒரு பத்து நிமிடம் நான் உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு கழிப்பறைக்குச் சென்று அழுதேன். அம்மா இல்லையே என்று அழுததைவிட, பத்து நிமிடம் அவரை மறந்து இருந்துவிட்டேனே என்றுதான் அதிகம் அழுதேன். முதல் ஆண்டைக் கடந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பாளையங்கோட்டை ஓய்வு பெற்ற ஆசிரியர்

மகளே, என் மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உன் அத்தையின் பக்கம் நின்று முதலில் ஒரு வார்த்தை சொல்கிறேன், ஏனென்றால் இக்காலத்தில் அந்தப் பக்கம் பேச யாரும் வருவதில்லை.

எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது என்பது துக்க வீட்டுக்காரர்களுக்குப் போட்ட தடை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது உறவினர்களின் தலையில் ஏற்றிய கடமை. அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் சுற்றியிருப்பவர்கள்தான் முறுக்கும் அதிரசமும் சுட்டுக்கொண்டு வர வேண்டும். நம் பக்கத்து இந்து வீடுகளில் தீபாவளிக்கும் இதே வழக்கம்தான்; மதம் மாறியபோது நம் முன்னோர் இதை விட்டுவிட்டு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு அந்த ஆண்டு ஏழு சம்படங்கள் நிறையப் பலகாரம் வந்தது. தின்ன ஆளில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஏழு பேர் படியேறி வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, அவளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். நான் வழக்கம் போலக் கொண்டாடியிருந்தால் அவர்களுக்கு வருவதற்கு ஒரு காரணம் இருந்திருக்காது. ஆகவே பலகாரத்தை அத்தையிடம் விட்டுவிடு. அவரும் தன் அண்ணிக்காக ஏதாவது செய்யட்டும்.

ஸ்டார் வேறு. அதை யாரும் சுட்டுக்கொண்டு வர முடியாது.

கழிப்பறையில் அழுதாய் என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நம் சபைகளில் ஒன்பது வேத பாடங்களும் இடையிடையே பாடல்களுமாக ஒரு கீத ஆராதனை நடத்துகிறோம் அல்லவா? அந்த முறை 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் தொடங்கியது. ஆனால் அதை உலகறியச் செய்தது கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1918 டிசம்பர் 24 அன்று நடந்த ஆராதனைதான். முதல் உலகப் போர் முடிந்து ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. போர்முனையில் இராணுவக் குருவாக இருந்து திரும்பிய எரிக் மில்னர்-வைட் அதை அங்கே ஏற்படுத்தினார். அன்று அந்த ஆலயத்தில் இருந்தவர்களில் பிள்ளையை, அண்ணனை, உடன் படித்தவனை இழந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார். பறிகொடுத்தவர்களை மனத்தில் வைத்து ஏற்பட்ட ஆராதனையைத்தான் நாம் இன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போய்க் கேட்கிறோம். அழுகையும் பாட்டும் ஒரே நெஞ்சில் இருப்பது பாவம் என்றால் அந்த ஆராதனையே நடந்திருக்காது.

பதில்: ஒரு மருமகள்

ஐயா சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் ஸ்டார் விஷயத்தில் நான் உடன்படவில்லை. என் மாமியார் இறந்த ஆண்டில், வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று நாங்கள், அதாவது பிள்ளைகளும் மருமகள்களும், கூடிப் பேசி எல்லாவற்றையும் செய்தோம். ஸ்டார், குடில், சீரியல் லைட், எதையும் விடவில்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இரவு ஒரு மணி வாக்கில் கேரல் குழு வந்தது. எங்கள் தெரு முனை வரைக்கும் டிரம் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது; திருப்பத்தில் சட்டென்று நின்றது. துக்க வீடு என்பதை நினைவில் வைத்து, டிரம்மை நிறுத்திவிட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்ட பையனின் முகமூடியைக்கூடக் கழற்றச் சொல்லி, வாசலில் ஒரே ஒரு பாட்டைத் தணிந்த குரலில் பாடி ஜெபித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு மாமா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "அந்தப் பயலுகளுக்குத் தெரியுது." அத்தனை விளக்குகளையும் மாட்டிய எங்களுக்குத் தெரியாதது, இருபது வயதுப் பையன்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் கட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. "உனக்கு எப்படித் தோணுதோ" என்ற பதிலை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இந்தக் கேள்வியைத் தொலைபேசியில் கேட்காதீர்கள். நேரில் போய், அவர் பக்கத்தில் இரண்டு நாள் சும்மா இருங்கள்.

பதில்: கடற்கரை ஊர்க்காரன்

நான் குளச்சல் பக்கம். 2004 கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு என்பதால் கடலுக்குப் போகிற வேலை இல்லை. முந்தின நாள் மிச்சமிருந்த இறைச்சிக் கறியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் கடல் உள்ளே வந்தது. எங்கள் வீட்டில் இருவர் போனார்கள். அதற்கு மேல் அதை விவரிக்க விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: தண்ணீர் வடிந்த பிறகு, இடிந்த சுவருக்கு மேலே, எங்கள் காகித நட்சத்திரம் நனையாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. தம்பி ஏறி அறுத்துப் போட்டான்.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் எங்கள் வீட்டில் நட்சத்திரம் இல்லை. நான்காம் ஆண்டு அம்மாவே கேட்டார்கள். இப்போது 24ஆம் தேதி இரவுத் திருப்பலிக்குப் போகிறோம், 25ஆம் தேதி நன்றாகச் சாப்பிடுகிறோம், 26ஆம் தேதி கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போகிறோம். அன்று இரவு மட்டும் நட்சத்திரத்தை ஏற்றுவதில்லை. 27 அன்று மறுபடியும் எரியும். வெளியூர் உறவினர்களுக்கு இது விசித்திரமாகப் படுகிறது. ஆனால் திருச்சபை நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். 25 இயேசு பிறப்பு, 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட புனித ஸ்தேவான், 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். தொட்டிலுக்கு அடுத்த நாளே சாவை வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். எங்களுக்கு அந்த வரிசை 2004க்குப் பிறகுதான் புரிந்தது.

சகோதரி, முதல் ஆண்டிலேயே முடிவு செய்ய வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இந்த ஆண்டு முடியவில்லை என்றால் விடுங்கள். அந்த நட்சத்திரம் எங்கும் போய்விடாது.

பதில்: டொராண்டோவில் இருந்து

சுருக்கமாக ஒன்று. இங்கே டிசம்பர் 21ஐ ஒட்டி, ஆண்டின் மிக நீண்ட இரவில், இழப்பில் இருப்பவர்களுக்கென்றே சில ஆலயங்களில் தனி ஆராதனை நடத்துகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிற ஊர் இது. பாட்டு குறைவு, அமைதி அதிகம். இறந்தவர் நினைவாக ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, யாரிடமும் கைகுலுக்காமல் வெளியேறலாம். என் கணவர் இறந்த ஆண்டில் சென்றேன். நம் ஊர் முறையோடு ஒப்பிட்டால் கொஞ்சம் தனிமையானது. சம்படத்துடன் யாரும் வருவதில்லை. ஆனால் அழுவதற்குக் கழிப்பறையைத் தேட வேண்டியதில்லை.

மறுமொழி: கோவையில் இருக்கும் மகள்

எல்லோருக்கும் நன்றி. மருமகளாக எழுதிய அக்கா சொன்னபடி விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். நான் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, மழை விட்ட நேரத்தில், அப்பா தானாகவே ஏணியைச் சாய்த்து மச்சியிலிருந்து ஸ்டாரை இறக்கினார். ஒரு முனை கிழிந்திருந்தது. நான் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். வேண்டாம், பல்பை மட்டும் மாற்று என்றார். மாமரத்தில் கட்டாமல், உள்ளே, அம்மாவின் தையல் இயந்திரம் இருக்கிற ஜன்னலில் மாட்டினார். தெருவில் போகிறவர்களுக்குப் பாதிதான் தெரியும். கோணலாகத்தான் இருக்கிறது, இருவரும் பார்த்தோம், இருவரும் அதைச் சொல்லவில்லை.

அத்தையிடமும் பேசிவிட்டேன். எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அவர் வீட்டில் ஏறும், நானும் போய் உடன் நிற்பேன். அப்பா கேட்டிருப்பது முந்திரிக்கொத்து ஒன்றுதான். அம்மாவின் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. சிறுபயறு இரண்டு கிலோ, தேங்காய் மூன்று, எள், ஏலம் எல்லாம் எழுதியிருக்கிறார். பாகு என்ற இடத்தில் மட்டும் "பதம் பார்த்து" என்று இருக்கிறது. எந்தப் பதம்? அத்தைக்கும் உறுதியாகத் தெரியவில்லை, அம்மாதான் எப்போதும் செய்வாராம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஒரு மருமகள்

கம்பிப் பதம். விரலால் தொட்டுப் பிரித்தால் நூல் அறுந்துவிடாமல் இழுபட வேண்டும். பாகு இளகலாக இருந்தால் உருண்டை எண்ணெயில் உடைந்து கரைந்துபோகும், முறுகிவிட்டால் கல்லாகிவிடும். பயற்றை நிறம் மாறி வாசனை வரும் வரை வறுத்து, ஆறிய பிறகு பொடியுங்கள். சூடான பாகைப் பொடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும், ஆறினால் உதிரும். இரண்டு கிலோவுக்கு ஒரு ஆள் போதாது. பச்சரிசி மாவில் மஞ்சளும் உப்பும் சேர்த்து, உருண்டையில் ஒட்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் கரைத்து, மூன்று மூன்றாகச் சேர்த்துத் தோய்த்துப் போடுங்கள். முதல் ஈடு எப்படியும் பிரியும். அதை அங்கேயே தின்றுவிடுங்கள்.