ரைபேரியன் ஹெல்த் அசெஸ்மென்ட்: ‘கரையோரம்’ போதுமா?

> ரைபேரியன் என்றால் கரையோரம், ஹெல்த் என்றால் ஆரோக்கியம், அசெஸ்மென்ட் என்றால் மதிப்பீடு. ‘கரையோர ஆரோக்கிய மதிப்பீடு’ என்று போட்டுவிட்டுப் போகலாமே, இதில் என்ன விவாதம்?

இருக்கிறது ஐயா. ஆறு, ஓடை ஓரத்து நிலமும் அதன் செடிகொடிகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து மதிப்பிடுவதற்குத்தான் ஆங்கிலத்தில் இந்தப் பெயர். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தத் தலைப்பைப் படிவத்தில் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது மீனவக் குடியிருப்பில் நடக்கும் மருத்துவ முகாம்தான். ‘கரையோரம்’ என்று தனியாகச் சொன்னால் பாதிப் பேருக்குக் கடல்தான் நினைவுக்கு வரும், ‘ஆரோக்கியம்’ என்றதும் மிச்சப் பேருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி.

பழைய பொருளில் பார்த்தால் நமக்கு வேண்டிய சொல் ‘படுகை’தான், ஆற்றை ஒட்டிக் கிடக்கும் நிலம் என்றே அதற்குப் பொருள் உண்டு. ஆனால் இன்று அதை வேறு இருவர் எடுத்துக்கொண்டார்கள். புவியியல் பாடத்தில் ஆற்றுப்படுகை என்றால் ஆற்றுக்கு நீர் வடிந்து வரும் மொத்த நிலப்பரப்பு, பேச்சில் மணல் கிடக்கும் ஆற்றின் அடி. மூன்றாவது பொருளையும் அதன் தலையில் ஏற்றினால் அறிக்கை படிப்பவர் திணறிவிடுவார். நல்ல சொல், கை நழுவிவிட்டது, அவ்வளவுதான். (லத்தீனில் ரிப்பா என்றால் கரை. ஆங்கில ‘ரிவர்’ கூட அந்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான், கரையின் பெயரே ஆற்றுக்குப் போய்விட்டது. சொற்கள் இடம் மாறுவது நமக்கு மட்டும் வந்த கேடு இல்லை.)

> ‘நீரோரம்’ என்று வைத்தால் ஆறு, ஓடை, குளம் எல்லாம் அடங்கிவிடும்.

அடங்கும், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் வருடத்தில் சில மாதம் மட்டும் ஓடுகிற ஓடையின் பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் ஒரு சொட்டு இருக்காது, ஆனால் கரை மரங்களின் வேர் கீழே ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், சுற்றியுள்ள மேட்டுநிலத்தில் இல்லாத செடிகள் அங்கே வரிசையாக நிற்கும். அதுவும் ரைபேரியன்தான். கரையோரத் தாவரங்களின் நிலையை மதிப்பிடும் தென்னாப்பிரிக்காவின் வெக்ராய் முறையில் கரையை நீர் விளிம்பு, கீழ்ப்பகுதி, மேற்பகுதி என்று பிரித்துப் பார்ப்பார்கள். மேற்பகுதி வெள்ளத்தின்போது மட்டுமே நனையும். காய்ந்து கிடக்கும் அந்த மேட்டில் நின்றுகொண்டு ‘நீரோரத் தாவரம்’ என்று குறிக்க எனக்குக் கை வராது.

அதனால் ‘கரைநிலம்’ என்கிறேன். கரை என்றால் கட்டிய கரையும் ஆகுமே, மண் கொட்டி எழுப்பிய ஏரிக்கரை மாதிரி, என்று யாராவது கேட்பீர்கள்; ‘நிலம்’ சேர்ந்ததும் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. தீராத சிக்கல் ஒன்று உண்டு, இலக்கணம் படித்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். கரைநிலத்தை வினைத்தொகையாகவும் பிரிக்கலாம்: கரைந்த நிலம், கரைகின்ற நிலம், கரையும் நிலம். செடிகொடி போய் வேர்ப்பிடிப்பு விட்டுப்போன கரை வெள்ளத்தில் அப்படித்தான் ஆகிறது என்பதால், எனக்கு இந்தக் குறையே பிடித்துப்போய்விட்டது.

சரி, ஹெல்த். இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் பச்சையாக இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. ஒரு கரை முழுக்க சீமைக்கருவேலம் அடர்ந்து நின்றால் தூரத்திலிருந்து பார்க்கக் காடு மாதிரிதான் இருக்கும். இன்னொரு கரையில் பெரிய மரங்கள் கம்பீரமாக நிற்கும், கீழே குனிந்து பார்த்தால் ஒரு கன்று கூட இருக்காது, மாட்டுக் குளம்படிதான் இருக்கும். கிழவர்கள் மட்டும் மிஞ்சிய வீடு அது. ஸ்பெயினின் கட்டலோனியப் பகுதி ஆறுகளுக்காக உருவாக்கிய, கரைக்காட்டின் தரத்தை அளக்கும் கியூபிஆர் முறையில் இதனால்தான் 4 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண், ஆக 100: தாவரப் போர்வை எவ்வளவு, அது எப்படி அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது, அதன் தரம் என்ன, ஆறு ஓடும் தடத்தை மனிதர் எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள். 95க்குக் குறையாமல் வாங்கினால் இயல்பு நிலை, 25ஐத் தாண்டாவிட்டால் படுமோசம். வந்தேறி மரங்கள் இருந்தால் தரத்தில் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் முறையோ மதிப்பெண்ணே போடாது. பெருவெள்ளம் வந்தால் இந்தக் கரை தாங்குமா என்பதை மையமாக வைத்து, சரியாக இயங்குகிறது, இயங்கினாலும் ஆபத்தில் இருக்கிறது, இயங்கவில்லை என்று தரம் பிரிக்கும்.

ஆக, நோயில்லாமை என்று பொருள்படும் ஆரோக்கியத்தைவிட ‘நலம்’ பொருந்தும். ‘நலன்’ வேண்டாம், அது நலவாரியத்துக்குப் போய்விடும்.

> அப்போ ‘கரைநில மதிப்பீடு’ போதும், நலம் எதற்கு நடுவில்?

எடுத்துவிட்டால் ஆற்றோர மனைக்கு விலை நிர்ணயம் செய்ய வந்தவர் என்று நினைப்பார்கள்! நலம்தான் இங்கே காப்பாற்றுகிறது. சொல்லப்போனால் நிலத்தை எடுத்துவிடலாம். உடல்நலம், மனநலம் வரிசையில் ‘கரைநலம்’ என்று வைத்தால் என்ன? கரைநல மதிப்பீடு, கரைநலப் படிவம், கரைநலச் சுட்டெண் என்று தடையில்லாமல் வருகிறது. இடத்தைச் சொல்லும்போது கரைநிலம், அதன் நிலையைச் சொல்லும்போது கரைநலம். ஒரே எழுத்தில் குழப்பம் வரும் என்கிறீர்களா, வரும்தான். மெய்ப்புப் பார்ப்பவர் என்னைத் திட்டட்டும். சட்டத்தில் வரும் ரைபேரியன் உரிமையை, அதாவது ஆற்றோர நிலக்காரருக்கு அந்த நீரில் உள்ள உரிமையை, ‘கரையுரிமை’ என்று தனியே விட்டுவிடலாம், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அப்புறம், ‘ரைபேரியன் பஃபர்’ என்பதற்கு எனக்கு வழி தெரியவில்லை. வயலிலிருந்து வழிந்துவரும் மண்ணையும் உரத்தையும் ஆற்றில் சேராமல் வடிகட்டி நிறுத்தும் செடிப்பட்டை அது. வேதியியலில் பஃபருக்குத் ‘தாங்கல்’ என்கிறார்கள், ஆனால் ‘கரைத்தாங்கல்’ என்று எழுதினால் தாங்கல் என்று முடியும் ஊர்ப்பெயரோ ஏரியோ என்று நினைப்பார்கள். ‘வடிபட்டை’, ‘காப்புப்பட்டை’ இரண்டும் கையில் இருக்கின்றன, இரண்டிலும் திருப்தி இல்லை. யாரிடமாவது வேறு இருந்தால் சொல்லுங்கள்.