வெள்ளம் வடிஞ்ச வீடு: கிணறு, சுவர், கரண்ட் – எதை முதல் செய்யிறது?

அரியாலைவாசி:

வணக்கம். அரியாலையில கடனீரேரிப் பக்கமா இருக்கிற வீடு. புயல் மழைக்கு 2.5 அடி தண்ணி 3 நாள் உள்ளுக்கு நிண்டு நேற்றுத்தான் வடிஞ்சது. இப்ப எல்லா அறையிலயும் நாலு விரல் சேறு. முன்பக்கம் பழைய கல்வீடு, சுண்ணாம்புச் சாந்து பூசின 1.5 அடிச் சுவர். பின்னுக்குக் குசினியும் ஒரு அறையும் சீமெந்துக் கல்லில கட்டினது. கிணறு 8 அடி விட்டம். கிணத்துக் கட்டு (சுத்துச்சுவர்) பதிவு எண்டபடியா வெள்ளத்தண்ணி மேலால உள்ள விழுந்திட்டுது, இப்ப 10 அடித் தண்ணி நிக்குது. மலகூடக் குழி கிணத்தில இருந்து 50 அடி வரும்.

நாளைக்கு 2 இஞ்சிப் பெற்றோல் மோட்டர் வாடகைக்கு எடுத்துக் கிணத்தை முழுசா இறைச்சு, வீட்டைக் கழுவி, தைப்பொங்கலுக்கு முதல் பெயின்ற் அடிச்சு முடிக்கிறதுதான் யோசனை. அம்மாவுக்கு 70 தாண்டிட்டுது, அவவைக் கெதியா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவேணும். இந்த ஒழுங்கு சரியோ? மெயின் சுவிச்சைப் போட்டுப் பாக்கலாமோ?

கரண்ட்வேலை:

போட்டுப் பாக்கவேண்டாம் தம்பி. தண்ணி 2.5 அடி எண்டால் பதிவான பிளக் எல்லாம் முங்கியிருக்கும். சுவருக்குள்ள ஓடுற குழாயில இன்னும் தண்ணி நிக்கும், அது தானா வடியாது. "ட்ரிப் சுவிச் இருக்குத்தானே, பிழையெண்டால் விழும்தானே" எண்டு கனபேர் நம்பிக்கொண்டு போடுகினம். அந்தச் சுவிச் பாக்கிறது நிலத்துக்கு ஒழுகிற கரண்டை மட்டும்தான். பிளக்குக்குள்ள சேறு நிண்டு லைவுக்கும் நியூற்றலுக்கும் இடையில கரண்ட் ஓடினால் அதுக்குத் தெரியாது. அந்த இடம் ஆறுதலாச் சூடாகி, ராவில எரியும்.

மெயினை நிறுத்தி, போட் மூடியில ஒரு துண்டு எழுதி ஒட்டுங்கோ, வேற ஆரும் போடாமல் இருக்க. மெயின் போட்டோ மீற்றரோ நனைஞ்சிருந்தால் கிட்டப் போகாதேங்கோ, மின்சார சபைக்கு 1987 அடியுங்கோ. கூரையில சோலார் இருந்தால், மெயினை நிறுத்தினாலும் பகல் முழுக்கத் தட்டில இருந்து இன்வேட்டருக்கு வாற வயரில கரண்ட் இருக்கும். அதில கை வைக்கிற வேலை பூட்டின ஆக்களுக்குத்தான்.

நனைஞ்ச பிளக், சுவிச் எல்லாத்தையும் கழற்றி எறியுங்கோ. கழுவிக் காயவைச்சுத் திரும்பப் பூட்டினால் உள்ளுக்குப் பித்தளை பச்சை பிடிச்சு ஆறு மாசத்தில தொல்லை தரும். பெட்டிகளைத் திறந்தபடியே 10 நாளாவது விடுங்கோ. பிறகு வயர்மானைக் கொண்டு 500 வோல்ற் மெகர் (வயரில கரண்ட் ஒழுகுதோ எண்டு அளக்கிற கருவி) வைச்சு ஒவ்வொரு சேர்க்கிற்றையும் தனித்தனியாப் பாக்கவேணும். 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டுற லைனைப் போடக்கூடாது. சோதிக்க முதல் பல்ப், ஃபான், பிரிட்ஜ் எல்லாம் கழற்றியிருக்கவேணும், இல்லாட்டி அளவு பிழைக்கும்.

தண்ணி மோட்டர் முங்கியிருந்தால் கழற்றி நல்லதண்ணியில கழுவி, கம்பிச்சுத்தைக் காயவைச்சு, பெயரிங்கும் கப்பாசிற்றரும் மாத்திப்போட்டுத்தான் ஓடவேணும். பிரிட்ஜின்ர சுவருக்குள்ள இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிருந்தால் அது காயாது, மணம் போகாது. காஸ் சிலிண்டரைக் கழுவி வைக்கலாம், முங்கின ரெகுலேற்றரையும் குழாயையும் மாத்துங்கோ.

சுவர்மேசன்:

பொங்கலுக்குப் பெயின்ற் எண்ட கதையை இப்பவே விடுங்கோ. அம்மா வீட்டுக்கு வாறதுக்குப் பெயின்ற் தேவையில்லை. காய்ஞ்ச நிலமும் காத்தோட்டமும்தான் தேவை.

முதல் சேறு. ஈரமா இருக்கேக்கையே அள்ளுங்கோ. ஒரு நாள் வெயில் பட்டுக் காய்ஞ்சால் ஓடு மாதிரிப் பிடிக்கும், பிறகு கொத்தவேணும். அள்ள முதல், சுவரில தண்ணி நிண்ட அடையாளம் தெரியிற மாதிரி ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துக் கிராம சேவகரிட்ட பதிவு செய்யுங்கோ. கழுவினாப் பிறகு அந்தக் கோடு இராது. தட்டை மண்வெட்டியால அள்ளி, மிச்சத்தைத் தும்புத்தடியால வாசல் பக்கம் தள்ளுங்கோ. பிறகு சவர்க்காரத் தண்ணி போட்டுத் தேய்ச்சுக் கழுவினாப் பிறகுதான் குளோரீன். சேறு இருக்கிற நிலத்தில ஊத்தினால் குளோரீனைச் சேறே தின்றுபோடும், கிருமி அப்படியே இருக்கும். 65 வீதக் குளோரீன் தூளெண்டால் 10 லீற்றர் வாளிக்கு மட்டமா ஒரு மேசைக்கரண்டி, 15 கிராம் வரும். மலகூடத் தண்ணி ஏறின இடத்துக்கு 75 கிராம். 10 நிமிசம் ஊறவிட்டுக் கழுவுங்கோ. மலகூடம் கழுவுற அசிற் திரவத்தோட இதைக் கலந்திடாதேங்கோ, நச்சு வாயு வரும்.

இனிச் சுவர். கடனீரேரித் தண்ணி கலந்து வந்திருந்தால் அதில உப்பிருக்கும். சுவர் காய முதல் வெள்ளம் நிண்ட உயரத்துக்கு நல்லதண்ணியால ஒருக்காக் கழுவுங்கோ. பிறகு தண்ணி காட்டக்கூடாது. காயக் காய வெள்ளையா உப்புப் பூக்கும். அதைக் காய்ஞ்ச தும்புத் தூரிகையால தட்டி, விழுகிறதைக் கூட்டி அள்ளி வெளிய போடுங்கோ. ஈரத்துணியால துடைச்சால் கரைஞ்சு திரும்ப உள்ள போகும்.

சுவர் காயிறதுக்கு மேசன்மார் வைக்கிற கணக்கு, ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாசம். 1.5 அடிக் கல்சுவர் இந்த வாடைக்காத்து மழைக்குள்ள காயாது. மாசி, பங்குனி வெயிலுக்கு மேல்பாடு காயும், உள்ளீரத்தைப் பிறகு வாற சோளகக் காத்துத்தான் இழுக்கும். அதுக்குள்ள எமல்சன் அடிச்சால் ஈரம் வெளியேற வழியில்லாமல் தோல் மாதிரிக் கொப்பளிச்சு உரியும், பின்னுக்குக் கறுப்பாப் பூஞ்சணம் பிடிக்கும். இதைவிடப் பெரிய பிழை, பழைய சுண்ணாம்புச் சாந்தைக் கொத்திப்போட்டுச் சீமெந்து பூசிறது. சீமெந்து ஈரத்தை மறிக்க, அது மேல ஏறி மூண்டடியில வெளிய வரும். சுவரைத் தட்டிப் பாருங்கோ, பொள்ளல் சத்தம் கேக்கிற இடத்தை மட்டும் கழற்றி, காய்ஞ்சாப் பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு மூண்டு பங்கு மணல் கலந்து பூசுங்கோ. வெள்ளை வேணுமெண்டால் ஊறவைச்சு வடிச்ச சுண்ணாம்பைப் பால் பதத்தில கரைச்சு, நாளுக்கு ஒண்டா மூண்டு பூச்சு. சுவரும் மூச்சு விடும், பூஞ்சணமும் பிடிக்காது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கோ, சுண்ணாம்பு கண்ணை அவிச்சுப்போடும்.

பின் அறைச் சீமெந்துச் சுவர் காய்ஞ்சுதோ எண்டு பாக்க: இரண்டடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால இறுக்கி ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. உட்பக்கம் வியர்த்திருந்தால் பெயின்ற் வேண்டாம்.

மர அலுமாரி, கதவைச் சுவரில இருந்து தள்ளி நிழலில காயவையுங்கோ, வெயிலில வைச்சால் முறுகும். பலகைத்தூள் அமத்திச் செய்த தட்டுகள் ஊதினால் ஊதினதுதான். பஞ்சு மெத்தை, தலகணி எறியவேண்டியதுதான்.

பழையமுறை:

கிணத்துக்கு ஏன் இவ்வளவு யோசினை? எங்கட பக்கம் வெள்ளத்துக்குப் பிறகு ஒரே நாளில இறைச்சு, ஒரு கடகம் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் தெளிஞ்சிடும்.

கிணறுதுரவு:

தெளியும், அதில சந்தேகமில்லை. படிகாரம் கலங்கலை அடிக்குக் கொண்டுபோகும், கிருமியைக் கொல்லாது. கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச தண்ணியில மலக்கிருமி இருக்கலாம். சுண்ணாம்பும் கிணறு முழுக்கக் கிருமி கொல்லிற அளவுக்குப் போட்டால் வாயில வைக்க ஏலாது.

ஒரே நாளில இறைக்கக்கூடாது எண்டதுக்கு இந்த வீட்டில மூண்டு காரணம் இருக்கு. ஒண்டு, சுத்துமண் முழுக்கத் தண்ணி குடிச்சுப் பாரமா நிக்குது. கிணத்துக்குள்ள நிக்கிற தண்ணிதான் இப்ப அந்தப் பாரத்துக்கு எதிர்முட்டு. அதைத் திடீரெண்டு எடுத்தால், கீழ வெட்டின பாறை நிக்கும், மேல அடுக்கின கல் உள்ள சரியும். இரண்டு, 50 அடியில நிரம்பின மலக்குழி. எங்கட சுண்ணக்கல்லில வெடிப்பும் பொந்தும் கனக்க, தண்ணி வடிபடாமல் வாய்க்கால் மாதிரி ஓடிவரும். கிணத்து மட்டத்தை எவ்வளவு கெதியாப் பதிக்கிறியளோ, அவ்வளவு கெதியாக் குழித்தண்ணி கிணத்துப் பக்கம் இழுபடும். மூண்டாவது உவர். யாழ்ப்பாணத்தில நன்னீர் உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நிண்டால் கீழ ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் எண்டது நிலத்தடிநீர்க் கணக்கு. மேல குறைஞ்சால் கீழயிருந்து உப்பு எழும்பும். கடனீரேரிக் கரையில அந்த நன்னீர்ப் படை மெல்லிசு. 2 இஞ்சி மோட்டர் ஓயாமல் ஓடினால் உவர் ஏறி, இறங்க மாசக்கணக்காகும்.

ஒழுங்கு இதுதான். முற்றத்துத் தண்ணி முழுசா வத்தி, கிணத்து மட்டமும் தன்பாட்டில இறங்கத் தொடங்கும்வரை பொறுங்கோ. கட்டில ஒரு கயிறு கட்டி முடிச்சுப் போட்டு நாளாந்தம் பாத்தால் தெரியும். அதுவரைக்கும் மிதக்கிற குப்பையை வலையால எடுங்கோ, குடிக்கச் சமைக்க பவுசர்த் தண்ணி. மலகூடக் குழியை இப்ப வெறுமையாக்காதேங்கோ, சுத்துத் தண்ணி அமத்தி இடியும்.

பிறகு குளோரீன். விட்டத்தை விட்டத்தால பெருக்கி, ஆழத்தால பெருக்கி, 22ஆல பெருக்குங்கோ, எல்லாம் அடியில. வாறது லீற்றர். உங்கட கிணறு இண்டைக்கு 8 × 8 × 10 × 22, ஏறக்குறைய 14,000 லீற்றர். போடுற நாள் ஆழத்தைத் திரும்ப அளவுங்கோ. 65 வீதத் தூள் 1000 லீற்றருக்கு 80 கிராம், அப்ப 1.1 கிலோ. 30 வீத வெளிற்றும் தூளெண்டால் 1000 லீற்றருக்கு 170 கிராம், 2.4 கிலோ. தூளை நேர கொட்டாதேங்கோ. பிளாஸ்ரிக் வாளியில தண்ணி எடுத்து அதுக்குத் தூளைப் போட்டு, வாளிக்கு 300 கிராமுக்கு மேற்படாமல் கரைச்சு, அடைய விட்டு, தெளிவை மட்டும் கிணத்தைச் சுத்தி ஊத்துங்கோ. மேல ஊத்தினது மேலயே நிக்கும், அதால வாளியை அடிவரை இறக்கி ஏத்திக் கலக்குங்கோ. அதே தண்ணியால உட்சுவரையும் வாளி கயிறையும் தேயுங்கோ. ஆகக்குறைஞ்சது 12 மணித்தியாலம் ஒருத்தரும் அள்ளக்கூடாது.

அடுத்தநாள் இறைப்பு. 3 அடி பதிஞ்சால் நிப்பாட்டி ஊறவிடுங்கோ, மூண்டு நாலு நாளில முடியட்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு நாக்கில வைச்சுத் துப்பிப் பாருங்கோ, முதல்நாளைவிடக் கரிச்சால் அண்டைக்கு இறைப்பில்லை. இறைச்ச தண்ணியைக் கிணத்தடியில விடாமல், பயிருக்கும் விடாமல், குழாய் போட்டுத் தூரக் கொண்டுபோங்கோ. அடிச்சேறு அள்ளினாப் பிறகு திரும்ப ஒருக்கா அதே அளவில குளோரீன்.

அரியாலைவாசி:

மெத்தப் பெரிய உதவி. இறைப்பைத் தள்ளி வைக்கிறன். இரண்டு கேள்வி: பெற்றோல் மோட்டர் தண்ணியை இழுக்காட்டி கிணத்துக்குள்ள தட்டுக் கட்டி இறக்கலாமோ? கடைக்காரன் தந்த தூள்ப் பையில வீதம் எழுதியில்லை, என்ன செய்யிறது?

கிணறுதுரவு:

மோட்டரை இறக்கவே கூடாது. பெற்றோல் எஞ்சின் விடுகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, கிணத்துக்குள்ள தேங்கி நிக்கும். இறங்கினவர் மயங்க, தூக்கப் போனவரும் சேந்து போற சாவு அப்பிடித்தான் வாறது. மெழுகுதிரி இறக்கிப் பாக்கிற முறையும் இதுக்கு உதவாது, ஒக்சிசன் இருந்தால் அந்த வாயுவுக்குள்ளயும் திரி எரியும். எஞ்சின் கட்டில இருந்து 20 அடி தள்ளி, காத்து கிணத்துப் பக்கம் அடிக்காத இடத்தில நிக்கட்டும். சேறு அள்ள ஆள் இறங்கிறதெண்டால் எஞ்சின் நிப்பாட்டி, இடுப்பில கயிறு, மேல இரண்டுபேர்.

வீதம் எழுதாத தூளை வாங்கவேண்டாம். திறந்து வைச்ச தூள் நாள் போகப்போக வீரியம் குறையும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில கேளுங்கோ, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிணறு பாக்க வருவார்.

சுகாதாரப்பக்கம்:

சேறு அள்ள முதல் இதை வாசியுங்கள். 2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலால் உயிர்கள் போயின. எலிச்சிறுநீர் கலந்த தண்ணியும் சேறும் காலில உள்ள சின்னக் கீறலால் உள்ளே போகும். முழங்கால் பூட்ஸ், றப்பர் கையுறை கட்டாயம். தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் வில்லை உண்டு, ஆனால் பணிமனையில் கேட்டு அவர்கள் சொல்லும் அளவில் எடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது சரிவராது.

வேலை செய்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. "வெள்ளச்சேற்றுக்குள் நின்றனான்" என்று வைத்தியரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். டெங்குவும் இதே காலத்தில்தான் வரும். ஆகவே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், புருபன், டைக்குளோபெனக் வேண்டாம்.

கிடுகு, விறகுக் குவியலைக் கையால் தூக்க முதல் தடியால் தட்டுங்கள். புடையனும் விரியனும் காய்ந்த இடம் தேடி ஏறியிருக்கும். கடித்தால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், மோதிரம் காப்பைக் கழற்றி, காலை அசைக்காமல் 1990க்கு அழையுங்கள்.

கிணற்றுத் தண்ணியைச் சோதிக்க மாதிரி எடுப்பது குளோரீன் மணம் முற்றாகப் போன பிறகுதான். மணம் இருக்கும்போது எடுத்தால் கிருமி இல்லை என்றே வரும், பிறகு நாலு நாளில் நிலைமை வேறாக இருக்கும். போத்தலை வீட்டில் கழுவி எடுத்துப்போக வேண்டாம், பணிமனையில் தரும் கிருமிநீக்கிய போத்தலில் எடுங்கள். முடிவு வரும்வரை அம்மாவுக்குக் குடிக்க, பல்லு விளக்க, எல்லாவற்றுக்கும் கொதித்தாறின தண்ணி.