குடியை நிறுத்திய பிறகு வரும் வெறுமை: யாருக்கெல்லாம் இருந்தது?

பழைய ரேடியோ:
நடுக்கம், வியர்வை எல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் கொடுமை. மகள் தான் வரைந்த படத்துக்குக் கிடைத்த பரிசை நீட்டுகிறாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. வாய் மட்டும் "சூப்பர்டா கண்ணு" என்றது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டோபமைன், அதாவது இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளை ரசாயனம், மந்தமானால் இப்படித்தான் என்றார் டாக்டர். இது எப்போது சரியாகும்?

ஓடம்:
மனசை வேறு வேலையில் திருப்புங்கள். நான் வைராக்கியமாக ஒரே நாளில் விட்டவன். டோபமைன் அது இதெல்லாம் சாக்கு.

நடுநிசி:
ஓடம், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் ஒரே நாளில் விட்டார். அப்புறம் ஓர் இரவு, படுக்கை விரிப்பிலிருந்து இல்லாத நூலைப் பொறுக்கிப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டே இருந்தேன். வைராக்கியம் இல்லாமலா நூல் தெரிந்தது?

மூளையை அமைதிப்படுத்தும் ரசாயனமான காபாவின் வேலையை மது கூட்டும், மூளையைத் தூண்டும் குளூட்டமேட்டை அடக்கும். வருடக்கணக்கில் குடித்தால் மூளை அதற்கு ஈடுகட்ட எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்ளும். சட்டென்று மதுவை நிறுத்திவிட்டால் பிரேக் இல்லாத வண்டிதான். பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். குழப்பமும் பிரமையும் இரண்டு மூன்று நாள் கழித்து வரும். உயிரே போகலாம். அதிகமாகக் குடிப்பவர்கள் டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். தயமின், அதாவது வைட்டமின் பி1, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுத் திரும்பக் குடித்து, மறுபடி விட்டால் ஒவ்வொரு தடவையும் மோசமாகும் என்றும் எங்களிடம் சொன்னார்கள். "நான் விட்டேன், நீயும் விடு" என்று தயவுசெய்து யாருக்கும் எழுதாதீர்கள்.

ஈரமண்:
ரேடியோ, உங்கள் கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டார்கள். குடியால் வந்த சோர்வு பலருக்கு மூன்று நான்கு வாரத்தில் இறங்கும். சந்தோஷம் திரும்ப மாதக்கணக்கில்கூட ஆகலாம். எனக்குப் பல் தேய்க்கும்போது தானாக ஒரு பாட்டு வந்தது, மனைவி குளியலறைக் கதவைத் தட்டி "என்னாச்சு?" என்றாள். ஒரு மாதம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் அது தனி மனச்சோர்வாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். சாகலாம் போல் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்து பற்றியும் கேளுங்கள், குடிக்கும் ஆசையை அது குறைத்தது எனக்கு.

நடுநிசி:
நால்ட்ரெக்ஸோன் எடுப்பவர்கள் ஓபியாய்டு வகை (மார்ஃபின், டிரமடால் போன்ற) வலி மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று முதலில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேரக்கூடாது. அதையும் எழுதுங்கள், ஈரமண்.