பேக்கப்ல இருந்து ரீஸ்டோர் பண்ணேன், ஆப்ட் வேலை செய்யல, அவசரம்

கருப்பட்டி_காபி:
லினக்ஸ் லேப்டாப்ல எஸ்எஸ்டி டிஸ்க் புட்டுக்கிச்சு, புதுசு வாங்கிப் போட்டு பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணிட்டேன், கிரப், எஃப்ஸ்டேப்னு பூட் செட்டிங் எல்லாத்தோடயும் மல்லுக்கட்டி பூட் வரைக்கும் வந்தாச்சு, ஆனா சாஃப்ட்வேர் ஏத்துற ஆப்ட் கமாண்ட்ல எது குடுத்தாலும் எரர். வேற எதையும் நான் தொடல. காலைல லேப்டாப் வேணும், யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

நெட்டக்கொக்கு:
என்ன எரர் ப்ரோ?

ஈயம்_பூசினவன்:
உபுண்டுவா, டெபியனா, மின்ட்டா? எந்த வெர்ஷன்? பேக்கப் எதுல எடுத்தீங்க?

மொட்டமாடி_சர்வர்:
மொதல்ல கடிகாரத்தப் பாருங்க. டேட் பின்னாடி இருந்தா சாஃப்ட்வேர் சர்வர்லேர்ந்து வர்ற ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லாதுன்னு ஆப்ட் அடம் பிடிக்கும். எனக்கு ரெண்டு தடவ ஆச்சு, ரெண்டு தடவையும் கடிகாரத்த ஓட்டற போர்டு பேட்டரிதான்.

கருப்பட்டி_காபி:
டேட் சரியாதான் இருக்கு. உபுண்டு 22.04. லாக் (பூட்டு) ஃபைல திறக்க முடியலன்னு வருது

நெட்டக்கொக்கு:
அப்ப பின்னாடி இன்னொரு ஆப்ட் ஓடுது ப்ரோ, லாக் ஃபைல அழிச்சிட்டு திரும்ப அடிங்க

பழைய_பெங்குயின்:
தம்பி, அந்த எரர் வரியோட வால்ல காரணமும் இருக்கும். பர்மிஷன் இல்லன்னா ஒரு கத, வேற ப்ராசஸ் புடிச்சிருக்குன்னா ஒரு கத, அப்படி ஒரு ஃபைலே இல்லன்னா அது வேற கத. 2000ல பொட்டேட்டோ வெர்ஷன் வந்த காலத்துலேர்ந்து டெபியன் ஓட்டறேன், பாதி எரர மட்டும் போட்டு வைத்தியம் கேக்கறவங்க இன்னும் கொறையல.

கருப்பட்டி_காபி:
நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரின்னு முடியுது. போன்ல டைப் பண்றேன்ங்க, லேப்டாப்ல லாகின் ஸ்க்ரீனே வரல, கருப்புத் திரைதான்

ஈயம்_பூசினவன்:
லாகின் ஸ்க்ரீன் வரலன்றத இப்பதான் சொல்றீங்களா 🙂

நெட்டக்கொக்கு:
ஓகே சிம்பிள். பேக்கேஜ் கணக்கு வெக்கற /வார்/லிப்/டிபிகேஜி ஃபோல்டர உருவாக்கி, உள்ள ஸ்டேட்டஸ்னு காலி ஃபைல் ஒண்ணு டச் பண்ணுங்க

கருப்பட்டி_காபி:
வேலை செஞ்சிருச்சு!!! தெய்வமே நன்றி

கருப்பட்டி_காபி:
ஒரு நிமிஷம். விஎல்சி போட்டுப் பாத்தா 300 பேக்கேஜுக்கு மேல புதுசா ஏத்தணும்னு கேக்குது, கிட்டத்தட்ட எல்லா ப்ரோகிராமுக்கும் அடிப்படையான லிப்சி6 கூட லிஸ்ட்ல இருக்கு. ஒய் குடுக்கவா

ஈயம்_பூசினவன்:
குடுக்காதீங்க! லிப்சி இல்லாமலா மெஷின் பூட் ஆச்சு? வீட்ல சாமான் எல்லாம் அப்படியே இருக்கு, கணக்கு நோட்டு மட்டும் காணோம், இப்ப நீங்க காலி நோட்டு வாங்கி வெச்சிருக்கீங்க. என்ன இருக்குன்னு ஆப்ட் அந்த ஸ்டேட்டஸ் ஃபைலத்தான் நம்பும், டிஸ்க்ல தேடிப் பாக்காது. சரி, பேக்கப் எடுத்த கமாண்ட் என்ன? ரெண்டாவது தடவ கேக்கறேன்.

கருப்பட்டி_காபி:
ஆர்சிங்க்னு காப்பி பண்ற கமாண்ட்தான். அங்க டாக்கர் டூலோட இமேஜ் ஃபைல் மட்டும் 70 ஜிபி இருந்துச்சு, அதனால /வார்/லிப்ப எக்ஸ்க்ளூட் பண்ணிட்டேன்

பழைய_பெங்குயின்:
எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கத. /வார்/லிப்/டாக்கர்னு இன்னும் ஒரு வார்த்த சேத்திருந்தா இந்த இழையே இல்ல. ஃப்ரெஷ்ஷா இன்ஸ்டால் பண்ணிட்டு ஹோம் ஃபோல்டர மட்டும் காப்பி பண்ணு தம்பி.

ஈயம்_பூசினவன்:
அவ்ளோ தூரம் போக வேணாம். முழு /வார் ஃபோல்டரையும் விட்டிருந்தா /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்ல இருக்கற ஃபோல்டர் பேர வெச்சுத்தான் என்னென்ன இருந்துச்சுன்னு ஊகிக்கணும். நீங்க லிப்ப மட்டும்தான் விட்டிருக்கீங்க, அதனால /வார்/பேக்கப்ஸ் பொழச்சிருக்கும். அதுல டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 இருக்கான்னு பாருங்க, தினமும் செக் பண்ணி மாறியிருந்தா சிஸ்டமே எடுத்து வெச்சுக்கும், பழசெல்லாம் 1லேர்ந்து 6 வரைக்கும் ஜிஜிப்பா சுருக்கி இருக்கும். 0வ உங்க காலி ஸ்டேட்டஸ் மேலயே காப்பி பண்ணுங்க. டிபிகேஜிக்குள்ள இன்ஃபோ, அப்டேட்ஸ், ட்ரிகர்ஸ் மூணு ஃபோல்டரும் வேணும். எந்த கமாண்டுக்கு எந்த ப்ரோகிராம்னு கணக்கு இருக்கற ஆல்டர்னேட்டிவ்ஸ்.டார்.0வயும் அங்கயே விரிச்சுடுங்க. ஆப்ட்.எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ்.0வ மறக்காம /வார்/லிப்/ஆப்ட்ல வெறும் எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ்னு பேர் மாத்திப் போடுங்க, இல்லன்னா நீங்க கேட்டு போட்டது எது, கூடவே தொத்திக்கிட்டு வந்தது எதுன்னு ஆப்டுக்குத் தெரியாது.

அப்புறமும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஃபைல் லிஸ்ட் காணோம்னு வார்னிங் கொட்டும், பயப்படாதீங்க, இன்ஃபோ காலியா இருக்குல்ல. ஆப்ட் அப்டேட் அடிச்சிட்டு, ஸ்டேட்டஸ்ல இருக்கற மொத்தத்தையும் ரீஇன்ஸ்டால் குடுத்தா லிஸ்ட் திரும்ப வந்துரும், லாகின் ஸ்க்ரீனும் அதோட வரணும்.

கருப்பட்டி_காபி:
0 ஃபைல் இருக்கு!!! ரீஇன்ஸ்டாலுக்கு 2 ஜிபிக்கு மேல டவுன்லோட் காட்டுது, என் பேக் ஒரு நாளைக்கு 2 ஜிபிதான். பக்கத்து வீட்டு வைஃபை கேட்டுட்டு வரேன்

மொட்டமாடி_சர்வர்:
எதுக்கும் பேட்டரியையும் மாத்திருங்க.

நெட்டக்கொக்கு:
ஸ்க்ரீன் வந்தாலும் ஃபயர்பாக்ஸ் தொறக்காது ப்ரோ. 22.04ல அது ஸ்னாப்னு தனி வகைப் பேக்கேஜ், அந்த ஃபைலெல்லாம் /வார்/லிப்/ஸ்னாப்டிலதான் இருக்கும்

ராத்திரி_ஷிப்ட்:
ஸ்னாப்ப யாரு வெச்சிருக்கச் சொன்னா? மின்ட் 2020லயே 20வது வெர்ஷன்ல ஸ்னாப்ப வாசல்லயே நிறுத்திட்டாங்க. ஒரு ப்ரௌசர் தொறக்க டீ போட்டுக் குடிச்சிட்டு வரலாம்.

நெட்டக்கொக்கு:
இப்ப அவ்ளோ ஸ்லோ இல்ல, சும்மா பழைய பாட்டையே பாடாதீங்க

பழைய_பெங்குயின்:
டெப் பேக்கேஜ் ஃபைல்னு அழகா ஒண்ணு இருக்கறப்ப, ஸ்னாப் ஒவ்வொண்ணையும் தனி டிஸ்க் மாதிரி லூப் டிவைஸா அடுக்கி, டிஸ்க் இடம் பாக்க டிஎஃப் அடிச்சா பக்கம் பக்கமா வரவெச்சதுதான் மிச்சம்.

ராத்திரி_ஷிப்ட்:
பெங்குயின் அண்ணன் கூட நான் ஒத்துப்போறது இதுதான் மொதல் தடவ

ஈயம்_பூசினவன்:
ஸ்னாப் சண்டைய தனி இழைல வெச்சுக்கோங்கப்பா. காபி, உங்ககிட்ட ஒண்ணு கேக்க மறந்துட்டேன். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஏதாவது ஓட்டினீங்களா? அதோட டேட்டாவும் /வார்/லிப்லதான் இருக்கும். தனியா டம்ப், அதாவது டேட்டாபேஸோட காப்பி, எடுத்து வெச்சிருக்கீங்களா?

(4 நாள் கழிச்சு)

கருப்பட்டி_காபி:
ஆப்ட் ஓகே. லாகின் ஸ்க்ரீன் வந்துருச்சு, ஃபயர்பாக்ஸ அழிச்சு திரும்ப போட்டேன். மைஎஸ்க்யூஎல் ஓடுது ஆனா உள்ள ஒண்ணும் இல்ல, அப்பா கடை பில் ரெண்டு வருஷத்தோடது அதுலதான் இருந்துச்சு. டம்ப் எடுக்கல

ஈயம்_பூசினவன்:
பழைய எஸ்எஸ்டி எங்க இருக்கு? பயாஸ்ல பேராவது காட்டுதா? அத இனிமே எதுலயும் மாட்டி நோண்டாம எடுத்து வைங்க.

ஈயம்_பூசினவன்:
காபி?